பின்பக்கம் கூட்டிய முக்கால் இஞ்ச்

என் மகளின் டாப்ஸ் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதை முதலில் கவனித்தவள் நான்தான். கவனித்ததும், அடுத்த டாப்ஸை வெட்டும்போது பின் உயரத்தில் கால் இஞ்ச் கூட்டினேன். அதற்கடுத்ததில் அரை இஞ்ச். அதற்கும் அடுத்ததில் முக்கால். முன்பக்கம் தொய்ந்து விழாமல் இருக்க அங்கே கொஞ்சம் குறைத்தேன். அவள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கீழ் ஓரம் சுற்றிலும் ஒரே மட்டமாக நின்றது. வேலை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. இருபத்து மூன்று வருடமாக அங்கே உட்கார்ந்து தைக்கிறேன். என்னிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று அளவு நோட்டு. யாருக்கு என்ன அளவு, எந்தத் தேதியில் எடுத்தது என்று அதில் இருக்கும். மற்றது நாட்குறிப்பு. சாயங்காலம் மிஷினை மூடியதும் பத்து வரி எழுதுவேன்: மழை, கரண்டு போன நேரம், வீட்டில் யாருக்கு என்ன உடம்பு. இதை எழுதும்போதும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஞாபகத்தை மட்டும் நம்பினால் என்னை நானே கொஞ்சம் நல்லவளாக எழுதிவிடுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு நாகரிகம் இருக்கிறது. வருகிறவர் உடம்பைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தோள் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் ரகசியமாக ஒரு பட்டி வைத்துத் தைப்போம். வயிறு போட்டிருந்தால் டேப்பை இறுக்காமல் அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொள்வோம். உடம்பு எப்படி இருந்தாலும் துணி அதைச் சரியாகக் காட்ட வேண்டும். இதை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகச் செய்யும். என் மகளுக்கும் அப்படித்தான் செய்தேன்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருடம், இயற்பியல். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். காலையில் அவளை எழுப்புவது கிட்டத்தட்ட இரண்டு வருடமாக எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

"ஏட்டி, மணி ஏழாவுது. பஸ்ஸு உனக்காண்டி நிக்குமா?"

"எந்திரிக்கேம்மா. ரெண்டு நிமிசம்."

இரண்டு நிமிடம் என்பது அரை மணி நேரமாகும். ஒருக்களித்துப் படுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து, காலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி எழுவாள். அவள் அப்பாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டே பார்ப்பார்.

"நம்ம வீட்டுல ஒரு எம்பது வயசுக் கிழவி இருக்கா பாத்தியா? மக்கா, கம்பு ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"வாங்கித் தாங்கப்பா. முதல்ல எம்மாவ ரெண்டு போடுதேன்."

சிரித்துவிட்டுப் போய்விடுவோம். பத்து மணிக்கு மேல் அவள் நன்றாக இருப்பாள். சாயங்காலம் கடைக்குப் போவாள், மாடியில் துணி எடுப்பாள். நான் நாட்குறிப்பு எழுதுவது சாயங்காலம். "இன்று இடுப்பு வலி இல்லை" என்று எத்தனையோ பக்கத்தில் எழுதியிருக்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு அவள் எழுந்து ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பது என் காதில் விழுந்திருக்கிறது. போன் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வலி கூடியதும் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். கால்சியம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். இடுப்பின் ஒரு பக்கம் வலிக்கும், அடுத்த மாதம் மறுபக்கம் வலிக்கும், குதிகாலும் வலிக்கும். இடம் மாறி மாறிச் சொன்னதால் யாருக்கும் அவள் பேச்சில் நம்பிக்கை இல்லாமல் போனது, எனக்கும்தான். பிறகு ஓர் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, டிஸ்க் பிசகியிருக்கலாம், மூன்று வாரம் அசையாமல் படுக்க வேண்டும், எழும்போது பெல்ட் போட வேண்டும் என்றார்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. இருபத்தொரு கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். சாப்பாடு கட்டிலுக்கே போனது. தலை குளிக்கக்கூட நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். பத்தாவது நாள் அவளால் புரண்டு படுக்க முடியவில்லை. ஒழுங்காகப் படுக்காமல் இடையில் எழுந்திருப்பாள், அதுதான் காரணம் என்று சொல்லி, காவலை இன்னும் இறுக்கினேன்.

பதினேழாவது நாள் லைனிங் துணி வாங்கப் பஜாருக்குப் போனேன். அது அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த சமயம். எங்கள் ஊரில் கொடி ஏறிவிட்டால் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று நேர்ந்துகொண்டு சனங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். நான் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து, கூடப் படிக்கும் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றாள்.

"எங்கட்டி போன?"

"கோயிலுக்கு."

"எத்தன சுத்து?"

"முப்பத்தொண்ணு."

"பெல்ட்டு எங்க?"

"பைக்குள்ள கெடக்கு. அத மாட்டிக்கிட்டு எவ சுத்துவா?"

கூட வந்த பிள்ளைகள் நழுவிவிட்டார்கள். நான் சத்தம் போட்டேன். பதினேழு நாள் பாடுபட்டதை ஒரு சாயங்காலத்தில் கெடுத்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் மிஷினுக்குக் கீழே கிடந்த துண்டுத் துணிகளைக் குனிந்து பொறுக்கிக் கூடையில் போட்டாள். பதினேழு நாளாகச் செருப்பை மாட்டக்கூடக் குனிய முடியாதவள் அவள்.

"அம்பாள் கண்ணத் தொறந்துட்டா" என்றார் அவள் அப்பா.

மறுநாள் காலையில் மறுபடியும் கட்டை மாதிரிக் கிடந்தாள். நான் அன்றைக்குக் காலையிலேயே நாட்குறிப்பை எடுத்தேன். "படுத்தால் கூடுகிறது. நடந்தால் குறைகிறது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். டிஸ்க் பிசகியிருந்தால் இப்படியா இருக்கும் என்று தோன்றியது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மிச்சம் இருந்த நான்கு கட்டத்தையும் கிழித்துப் போட்டேன்.

பதில் கண் வழியாக வந்தது. புரட்டாசியில் அவளுடைய வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே நீர் கொட்டியது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை பங்குனியில் வந்தபோது, எல்லாருக்கும் வருகிற கண்நோய் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிவிட்டோம். இந்த முறை திருநெல்வேலிக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். முன்பு இப்படி வந்திருக்கிறதா என்று அவர் கேட்டார். நாட்குறிப்பைப் புரட்டித் தேதியோடு வாசித்தேன்.

அவர் சிரித்தார். "நல்லா எழுதி வச்சிருக்கீங்களே. அப்படியே பாருங்க, இடுப்பு வலின்னு எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?"

இடுப்பு வலியைப் பற்றி அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணைப் பொத்திக்கொண்டே, "படுத்தா கூடும் டாக்டர், நடந்தா குறையும்" என்றாள். இது கண்ணின் உள்ளே வரும் அழற்சி என்றும், இந்த வயதில் இப்படி வந்தால் முதுகையும் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி, மூட்டுவாத மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார்.

அந்த மருத்துவர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். முதலில் என் மகளோடு மட்டும் பேசினார். நான் பையில் இரண்டு நோட்டோடும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"காலையில எழுந்ததும் முதுகு இறுக்கமா இருக்குமா? எவ்வளவு நேரத்துல சரியாகும்?"

நான் நாட்குறிப்பைத் திறந்தேன். அதில் காலைகளே இல்லை. இரண்டு வருடமும் சாயங்காலங்கள்தான்.

"முன்ன அரை மணி நேரம். இப்ப ரெண்டு மணி நேரம். பஸ்ஸுல போறப்போ கொஞ்சம் கொஞ்சமா விடும்" என்றாள் அவள். அதை அவள் மனத்துக்குள்ளேயே கணக்கு வைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு மருத்துவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் இஞ்ச் டேப்பை எடுத்தார். என் டேப்பேதான், அதே மஞ்சள் நிறம். கீழ் முதுகில் பேனாவால் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, குனியச் சொன்னார். நல்ல முதுகு குனியும்போது அந்த இடைவெளி பதினைந்து வரை விரிய வேண்டுமாம். அவளுக்குப் பன்னிரண்டரையில் நின்றுவிட்டது. மார்பைச் சுற்றி டேப்பை வைத்து, மூச்சை முழுக்க விட்டபோதும் முழுக்க இழுத்தபோதும் அளந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டி நிற்கச் சொன்னார். மோவாயைத் தூக்கினால்தான் அவளுடைய பின்தலை சுவரைத் தொட்டது.

"இப்படி முன்னால சாய்ஞ்சு நிக்க ஆரம்பிச்சு எவ்வளவு நாள் இருக்கும்?"

"நான் நேராத்தான நிக்கேன்" என்றாள் மகள்.

நான் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தேன். தீபாவளிக்குத் தைத்தது: முன்னும் பின்னும் நாற்பது. பொங்கலுக்கு: பின் நாற்பதே கால். அடுத்தது: பின் நாற்பதரை, முன் முப்பத்தொன்பதே முக்கால். கடைசியாக ஆனியில்: பின் நாற்பதே முக்கால், முன் முப்பத்தொன்பதரை. வரிசையாக வாசித்தேன். பின்பக்கம் உயரம் தேவைப்பட்டது அவள் முதுகு வளைந்ததால் என்று, வாசிக்கும்போதுதான் எனக்கே முழுதாகக் கேட்டது.

மருத்துவர் நோட்டை வாங்கித் தேதிகளைப் பார்த்தார். "முதல் தடவை இதைக் கவனிச்சப்ப என்ன தோணுச்சும்மா?"

"துணியச் சரிபண்ணணும்னு தோணுச்சு" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் தெரியாதது ஸ்கேனில் தெரிந்தது. முதுகெலும்பின் அடிப்பக்கம் இடுப்பெலும்போடு சேரும் இரண்டு மூட்டுகளிலும் வீக்கம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, முதுகெலும்பின் மூட்டுகளையே பகை என்று எடுத்துக்கொண்டு தாக்குகிறது; இது இளம் வயதில் தொடங்கும் முதுகெலும்பு வாதம்; அப்படியே விட்டால் வருடக்கணக்கில் எலும்போடு எலும்பு ஒட்டி, மூங்கில் கழி மாதிரி வளையாமல் போய்விடும் என்று மருத்துவர் விளக்கினார். ஒட்டியதைப் பிரிக்க மருந்து கிடையாது.

"இவளுக்கு ஒட்டிட்டா?" என்று கேட்டேன்.

"இல்லை. இப்ப முன்னால சாயறது வலியால தசை இழுத்துப் பிடிக்கறதுதான். எலும்பு இன்னும் நல்லா இருக்கு. நமக்கு நேரம் இருக்கு. ஆனா வீணாக்க நேரம் இல்லை."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றாள். "நான் வலிக்கி வலிக்கின்னு சொல்லுதேன், எல்லாரும் நடிக்கேன்னு நெனைக்கியளேன்னு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? ஒன் நோட்டுல இருந்திருக்கு."

"இனிமே சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னேன். அந்த முதுகு ஒட்டிப்போக விடக் கூடாது என்று அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து முடிவு செய்தேன். எனக்கு வேறெதுவும் தெரியாவிட்டாலும், ஒரு வேலையைத் தினமும் விடாமல் செய்யத் தெரியும்.

மாத்திரை வலி வந்தால் போடுவதற்கு இல்லை. அழற்சியை அடக்கத் தினமும் போட வேண்டும். சாப்பிட்ட பிறகு, வயிற்றைக் காக்கும் மாத்திரையோடு. தலையணை மெல்லியதாக இருக்க வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வேண்டும். முதுகு, கழுத்து, மார்பு மூன்றுக்கும் பயிற்சி, நடை. ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. வீட்டுக்குள் பீடிப் புகை கூடாது என்றும் சொன்னார்கள்.

"எனக்கு இடுப்பு நல்லாத்தான இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப அந்த நல்ல இடுப்பத் தூக்கிக்கிட்டுத் தெருமுக்குல போய் நின்னு குடிங்க" என்றாள் மகள். அவர் உண்மையாகவே போனார். கொஞ்ச நாளில் முக்குக்குப் போக அலுத்துப்போய், பாதியாகக் குறைத்துவிட்டார்.

நான் ஐந்தேகாலுக்கு அவளை எழுப்பினேன். முதலில் சுடுதண்ணீர்க் குளியல், அப்புறம் பயிற்சி. அட்டவணை மறுபடியும் சுவரில் ஏறியது. எத்தனை தடவை குனிந்தாள், எவ்வளவு நேரம் குப்புறப் படுத்தாள், காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்று எல்லாம் எழுதினேன். வெட்டு மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தி அவள் பயிற்சிக்கு இடம் செய்தேன். வெளியூருக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நைட்டி வேலையை விட்டேன்.

இதோடு நான் இன்னொன்றும் செய்தேன். கார்த்திகையில் அவளுக்கு ஒரு புது டாப்ஸ் வெட்டினேன். பழைய அளவில், முன்னும் பின்னும் நாற்பது. நேராக நிற்கிறவளின் அளவு. இதைப் போட்டால் நிமிர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் கொடுத்த வாக்கை இரண்டு மாதத்தில் மறந்திருந்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் பையை மேஜைமேல் வீசினாள்.

"பின்னாடி தூக்கிக்கிட்டு வாத்து மாதிரி இருக்கேனாம். டெய்லர் மவளுக்கே இந்தக் கதியான்னு கேக்காளுவ."

"நிமிர்ந்தா சரியா நிக்கும், மக்கா. அதுக்காண்டித்தான்..."

"தெரிஞ்சேதான் வெட்டுனியா?" அவள் குரல் ஏறியது. "எம்மா, நான் என்ன காடாத் துணியா? ஒன் அளவுக்கு இழுத்து இழுத்து நிறுத்தப் பாக்க. என்னால முடிஞ்சா நிமிர மாட்டனா?"

அடுத்த நாள் காலையில் ஐந்தேகாலுக்கு எழுப்பினேன். எழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் சுவரில் இருந்த அட்டவணை குப்பைக்கூடையில் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. ஒரு வாரம் அப்படியே போனது. அவள் அப்பாதான் இடையில் வந்தார்.

"நீ எழுப்பாத. அவ ஒடம்பு, அவ நேரம். தறியில நூலு அந்துபோனா மோட்டார நிறுத்திட்டுல்லா முடிச்சுப் போடணும்? ஓட ஓட இழுத்தா இன்னும் நாலு நூலு போவும்."

எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் கேட்டேன். அந்த டாப்ஸைப் பிரித்து, மடித்து வைத்திருந்த ஓரத்தை இறக்கி, அவள் இப்போது நிற்கும் அளவுக்கு மாற்றித் தைத்தேன். மேஜைமேல் வைத்து, "பின் முக்கால் இஞ்ச் இறக்கியிருக்கேன்" என்று அளவைச் சத்தமாகச் சொன்னேன். அவள் டாப்ஸை எடுத்துப் பார்த்தாள். "சரி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, யாரும் சொல்லாமல், தரையில் பாயை விரித்துப் பயிற்சியைத் தொடங்கினாள். ஏழு மணி என் கணக்கில் தாமதம். வாயை மூடிக்கொண்டு இட்லிக்கு மாவு ஊற்றப் போனேன்.

மாத்திரையையும் பயிற்சியையும் மூன்று மாதம் பார்த்தோம். ஒரு மாத்திரை போதாமல் வேறொன்று மாற்றினார்கள். காலை இறுக்கம் இரண்டு மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு வந்து அங்கேயே நின்றது. ரத்தத்தில் அழற்சியின் அளவு இறங்கவில்லை. அடுத்த படி ஊசி என்றார் மருத்துவர். அழற்சியைத் தூண்டும் பொருளையே கட்டிப்போடும் மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்குவதால், அதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது முறை. பார்த்தபோது நோய் இல்லை. ஆனால் உடம்பில் அந்தக் கிருமி தூங்குவதற்கான தடம் இருந்தது. அது எழுந்துவிடாமல் இருக்க முதலில் ஒரு மாதம் தடுப்பு மாத்திரை சாப்பிட்டு, அதைத் தொடர்ந்துகொண்டே ஊசியைத் தொடங்க வேண்டும்.

ஜாக்கெட் வாங்க வந்த ஒரு வாடிக்கையாளர் இதைக் கேள்விப்பட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"யக்கா, இதெல்லாம் வெளிய சொல்லாதிய. பொம்பளப்பிள்ள. ஊசி பழகிட்டா அப்புறம் விடாது பாத்துக்கிடுங்க."

"விடாம இருக்கணும்னுதாம்மா போடுதோம்" என்றேன். "மறைச்சு மறைச்சுத்தான் ரெண்டு வருசம் போச்சு."

அதற்குப் பிறகு நான் என் தொழிலின் நாகரிகத்தையும் கொஞ்சம் விட்டுவிட்டேன். இளம் வயதில் யாருக்காவது பின்பக்கம் தூக்கினால், காலையில் எழும்போது முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். புளியங்குடியிலிருந்து வந்த ஒரு பெண் கோபப்பட்டு, வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். அடுத்தவளிடமும் கேட்கத்தான் செய்வேன்.

அந்த ஒரு மாதத்தை நாள் நாளாக எண்ணினோம். தை கடைசியில் முதல் ஊசி. அன்றைக்கு ஒன்றும் மாறவில்லை. இரண்டாவதுக்குப் பிறகும் பெரிதாக இல்லை. மூன்றாவதுக்கு அடுத்த வாரம், ஒரு நாள் காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். கட்டிலிலிருந்து எழுந்தவள், போர்வையில் கால் மாட்டி இடறி, கட்டில்மேலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"எம்மா, வேகமா எந்திரிச்சுட்டேன். கால் ரெண்டும் ஒண்ணா எறங்கிட்டு."

அதன்பிறகும் எல்லாம் நேர்கோடாகப் போகவில்லை. சித்திரையில் சளிக் காய்ச்சல் வந்து ஓர் ஊசியைத் தள்ளிப் போட்டார்கள். பத்து நாளில் இறுக்கம் திரும்ப வந்தது. வலி விட்டதும் பயிற்சியில் சோம்பல் வந்தது. மருத்துவர் டேப்பை வைத்து அளந்து, "மருந்து வீக்கத்தைத்தான் குறைக்கும், முதுகை நீதான் வளைக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. மறுநாளிலிருந்து மாடியில் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டி, அதைக் கையால் தொட எட்டி எட்டி முயன்றாள். அந்தப் பயிற்சி மருத்துவர் கொடுத்த தாளில் இல்லை. நான் சொல்லவுமில்லை.

ஊசி தொடங்கி ஒரு வருடம் ஆனபோது மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இந்த முறை அவள் அப்பாவும் வந்தார். மூட்டுகளில் வீக்கம் வெகுவாக வடிந்திருந்தது. பேனாக் கோடுகள் பதினான்கு வரை விரிந்தன. மோவாயைத் தூக்காமலே தலை சுவரைத் தொட்டது. எலும்பு எங்கும் ஒட்டவில்லை.

"அப்ப ஊசிய நிறுத்திரலாம்லா டாக்டரம்மா?" என்றார் அவள் அப்பா, நல்ல சேதி கேட்ட சந்தோஷத்தில்.

மருத்துவர் வாயைத் திறக்கும் முன் மகள் திரும்பினாள். "எப்பா, தறி நல்லா ஓடுதுன்னு மோட்டார அணைச்சிருவியளா?"

மருத்துவர் சிரித்துவிட்டு, இது உள்ளே அடங்கியிருக்கிறதே தவிரப் போய்விடவில்லை, பின்னால் இடைவெளியைக் கூட்ட முடியுமா என்று பார்க்கலாம், இப்போது நிறுத்தக் கூடாது என்றார். அவள் அப்பாவுக்கு முகம் கொஞ்சம் விழுந்தது. கேண்டீனில் மகளுக்கு ஒரு பஜ்ஜி கூடுதலாக வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அவளுக்குத் திருநெல்வேலியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்க வேண்டும். ஊசியை முதலில் நர்ஸ் போட்டார், பிறகு அவரிடம் கற்றுக்கொண்டு நான் போட்டேன். விடுதியில் அவளே போட்டுக்கொள்ள வேண்டும். விடுதி வார்டனிடம் பேசி அவருடைய பிரிட்ஜில் ஊசி மருந்து வைக்க ஒரு தட்டு கேட்டு வாங்கியவளும் அவள்தான். நான் கேட்கிறேன் என்று சொன்னதற்கு, "நீ வந்தா அங்கன பிரிட்ஜையும் அளப்ப" என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பிரிட்ஜில் தயிருக்குப் பின்னாலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து, குளிர் போக அரை மணி நேரம் வெளியே வைத்தாள். கையைக் கழுவினாள். நாற்காலியில் உட்கார்ந்து, இடது தொடையைத் துடைத்து, பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியின் மூடியைக் கழற்றினாள். தொடைக்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"எம்மா. கதவுகிட்டயே நில்லு."

நின்றேன். அவள் மூச்சை இழுத்தாள். ஊசியைத் தொடையில் நேராக வைத்து அழுத்தினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. பத்து வரை எண்ணினாள், எட்டில் கண்ணை மூடிக்கொண்டாள், பத்தில் திறந்தாள். எடுத்துப் பார்த்தாள். மருந்து முழுதும் இறங்கியிருந்தது.

"வலிச்சா?"

"ஒன்ன விட நான் நல்லாத்தான் போடுதேன்."

பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டே, அடுத்த ஊசிக்கு எந்த நாள் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள், "எனக்குத் தெரியும்மா" என்றாள். பிறகு பாயை உதறி விரித்தாள். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, மார்பை மெல்ல மெல்லத் தரையிலிருந்து தூக்கினாள்.